அணு ஆயுதக் களைவு குறித்த இந்தியாவின் நிலைப்பாடு

அணு ஆயுதங்களைச் சோதிப்பது, வைத்திருப்பது, பயன்படுத்துவது ஆகியவை பற்றி இந்திய அரசு 1954 முதல் பன்னாட்டு அரங்குகளில் எடுத்துவந்துள்ள கொள்கைகளின் தொகுப்பே அணு ஆயுதக் களைவு குறித்த இந்தியாவின் நிலைப்பாடு எனப்படுகிறது. அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்த வேண்டும் என்று உலக அரங்கில் முதலில் குரல் கொடுத்த அரசுகளுள் இந்தியாவும் ஒன்று. பின்னர் 1974இலும் 1998இலும் அதே நாடு அணுகுண்டுச் சோதனை நடத்தியது. இவ்விரண்டையும் ஒருசேரப் புரிந்துகொள்ளும்போதுதான் இன்றைய நிலைப்பாடு விளங்கும்.

இந்த வரலாற்றில் தமிழகத்தின் வடமேற்கு எல்லைக்கும் ஓர் இடம் உண்டு. 1962இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடியை நேரில் சந்தித்து, சோதனைகளை நிறுத்துமாறு கேட்ட இந்தியத் தூதுக்குழுவின் தலைவர், ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. இன்று அதே ஓசூர் வட்டாரத்தின் எந்திரப் பொறியியல் தொழிற்கூடங்கள், இந்தியா ஏற்றுக்கொண்ட ஆயுதப் பரவல் தடை விதிகளுக்கு உட்பட்டே தங்கள் பொருள்களை வெளிநாடுகளுக்கு அனுப்ப வேண்டியுள்ளது.

மூன்று சொற்கள்

இத்துறையில் மூன்று சொற்கள் அடிக்கடி வருகின்றன. அவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதுண்டு.

சோதனைத் தடை என்பது அணுகுண்டுகளை வெடித்துப் பார்ப்பதைத் தடுப்பது. ஏற்கெனவே உள்ள குண்டுகளை இது தொடாது.

பரவல் தடை என்பது அணு ஆயுதம் இல்லாத நாடுகள் அதைப் பெறாமல் தடுப்பது. ஏற்கெனவே வைத்திருக்கும் நாடுகளின் கையிருப்பு அப்படியே இருக்கும்.

களைவு என்பது இருக்கும் ஆயுதங்களையும் அழித்து, எந்த நாட்டிடமும் அணு ஆயுதம் இல்லாத நிலையை உருவாக்குவது.

இந்தியா முதலாவதை முன்மொழிந்தது. இரண்டாவதைப் பாகுபாடானது என்று ஏற்க மறுத்தது. மூன்றாவதைத் தன் இறுதி இலக்கு என்று சொல்லிவருகிறது. கடந்த எழுபது ஆண்டுகளின் பெரும்பாலான முடிவுகளை இந்த ஒரு வரியைக் கொண்டு விளக்கிவிடலாம்.

1954: சோதனை நிறுத்தக் கோரிக்கை

1954 மார்ச் 1 அன்று பசிபிக் பெருங்கடலில் உள்ள பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஐதரசன் குண்டை வெடித்தது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 15 மெகாடன். அறிவியலாளர்கள் கணித்திருந்ததைவிட இது இரண்டு மடங்குக்கும் அதிகம். கதிரியக்கச் சாம்பல் மார்சல் தீவு மக்கள் மீதும், தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒரு சப்பானியப் படகின் மீதும் படிந்தது. படகில் இருந்த 23 மீனவர்களும் நோயுற்றனர். அவர்களுள் ஒருவர் அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார்.

இதற்கு ஒரு மாதம் கழித்து, 1954 ஏப்ரல் 2 அன்று, பிரதமர் சவகர்லால் நேரு மக்களவையில் பேசினார். முழுமையான ஆயுதக் களைவு உடன்பாடு எட்டப்படும் வரை காத்திராமல், வெடிப்புச் சோதனைகளை மட்டுமாவது உடனே நிறுத்திவைக்கும் உடன்பாடு ஒன்று வேண்டும் என்றார். இந்தக் கோரிக்கையை இந்தியா ஐக்கிய நாடுகள் அவைக்கும் கொண்டுசென்றது. சோதனைத் தடை என்ற கருத்தைத் தனியாகப் பிரித்து அரசு மட்டத்தில் முன்வைத்த முதல் முயற்சியாக இது கருதப்படுகிறது.

அறிவியல் ஆதாரமின்றிக் கோரிக்கை நிற்காது என்பதால், வெடிப்புகளின் விளைவுகளை ஆராயும் பணி இந்திய அறிவியலாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. தௌலத் சிங் கோத்தாரியின் பொறுப்பில் உருவான அந்த ஆய்வு நூல் 1956இல் இந்திய அரசின் வெளியீடாக வந்தது. கதிரியக்கப் பொருள்கள் காற்றிலும் உணவிலும் கலப்பதை அரசியல் சார்பின்றி விளக்கிய தொடக்ககால நூல்களுள் இதுவும் ஒன்று.

ராஜாஜியும் 1962 தூதுக்குழுவும்

சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரி 1878 டிசம்பர் 10 அன்று, அப்போதைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த தொரப்பள்ளியில் பிறந்தார். ஓசூரில் பள்ளிப் படிப்பையும் பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பட்டப் படிப்பையும் முடித்தார். பின்னர் சேலத்தில் வழக்குரைஞராக இருந்தார். 1937இல் சென்னை மாகாணப் பிரதமராகவும், 1948 முதல் 1950 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராகவும், 1952 முதல் 1954 வரை சென்னை மாநில முதலமைச்சராகவும் பணியாற்றினார். சேலம் மாவட்டத்திலிருந்து 1965இல் தருமபுரி பிரிந்தது. தருமபுரியிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. எனவே அவர் பிறந்த ஊர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. அந்த வீடு நினைவு இல்லமாகப் பராமரிக்கப்படுகிறது.

1959இல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். நேருவின் பொருளாதாரக் கொள்கையை அவரைப்போல் கடுமையாக எதிர்த்தவர்கள் அக்காலத்தில் சிலரே. ஆனாலும் அணுகுண்டு விவகாரத்தில் இருவரும் ஒரே பக்கம் நின்றனர். 1950களின் நடுவிலிருந்தே ராஜாஜி தம் எழுத்துகளில் இதை வலியுறுத்திவந்தார்.

1961 செப்டம்பரில் சோவியத் ஒன்றியம், இடையில் நிறுத்திவைத்திருந்த சோதனைகளை மீண்டும் தொடங்கியது. அக்டோபர் 30 அன்று அது வெடித்த ஏறத்தாழ 50 மெகாடன் குண்டே இதுவரை வெடிக்கப்பட்டவற்றுள் மிகப் பெரியது. 1962 ஏப்ரலில் அமெரிக்காவும் பசிபிக் பகுதியில் வளிமண்டலச் சோதனைகளைத் தொடங்கியது. மழையோடு மண்ணில் இறங்கிய ஸ்ட்ரான்சியம்-90 புல்வழியே பசுவின் பாலில் சேர்வது அப்போது கண்டறியப்பட்டிருந்தது. வேதியியல் பண்பில் அது சுண்ணாம்புச் சத்தை ஒத்திருப்பதால், பால் குடிக்கும் குழந்தைகளின் எலும்பில் தங்கிவிடும். சோதனை நடத்தும் நாட்டுக்கும் அதன் எதிரிக்கும் இடையிலான சிக்கல் என்ற எல்லையைத் தாண்டி, இது எல்லா நாட்டுத் தாய்மார்களின் கவலையாக மாறியது இப்படித்தான்.

இந்தச் சூழலில், 1962 சூனில் புது தில்லியில் காந்தி அமைதி நிறுவனத்தின் முயற்சியால் அணு ஆயுத எதிர்ப்பு மாநாடு நடந்தது. அணு ஆயுத நாடுகளின் தலைவர்களை நேரில் பார்த்து முறையிட வேண்டும் என்று முடிவாயிற்று. அதன்படி ராஜாஜியின் தலைமையில் ஆர். ஆர். திவாகர், பி. சிவராவ் ஆகியோர் அமெரிக்கா சென்றனர். 1962 செப்டம்பர் 28 அன்று வெள்ளை மாளிகையில் கென்னடியைச் சந்தித்தனர். அப்போது ராஜாஜிக்கு வயது 83. ஒதுக்கப்பட்ட நேரத்தைக் கடந்தும் உரையாடல் நீண்டது.

தூதுக்குழு வைத்த வாதம் எளியது. இரு தரப்பும் ஒரே நேரத்தில் ஒப்பமிடட்டும் என்று காத்திருந்தால் யாரும் தொடங்க மாட்டார்கள். வலிமையுள்ளவரே முதலில் கையைத் தாழ்த்த முடியும். ஆகவே அமெரிக்கா தானாக முன்வந்து சோதனையை நிறுத்த வேண்டும் என்பதே அது. எதிரியை நம்புவதற்கு முன் தன் பக்கத்துத் தவற்றை நிறுத்திக்கொள்ளும் காந்திய முறையை ஒரு வல்லரசுக்கு எடுத்துச்சொன்ன முயற்சி இது.

இது அரசு அனுப்பிய தூதுக்குழு அன்று. ஆயினும் அரசின் கொள்கைக்கு மாறாக அது எதையும் பேசவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் வெளிநாட்டில் தம் நாட்டின் பொது நிலைப்பாட்டுக்கு வலுச்சேர்த்த நிகழ்வாக இதை அரசியல் மாணவர்கள் குறிப்பிடலாம்.

பகுதிச் சோதனைத் தடை உடன்பாடு, 1963

சந்திப்பு முடிந்து மூன்று வாரங்களுக்குள் கியூபா ஏவுகணை நெருக்கடி ஏற்பட்டது. 1962 அக்டோபரில் உலகம் அணுப் போரின் விளிம்பு வரை சென்று திரும்பியது. அதே அக்டோபரில் இந்திய - சீனப் போரும் தொடங்கியது. நெருக்கடி தந்த அச்சமே வல்லரசுகளைப் பேச்சுக்கு இழுத்தது. 1963 சூன் 10 அன்று, பிற நாடுகள் நடத்தாத வரை அமெரிக்கா முதலில் வளிமண்டலச் சோதனை நடத்தாது என்று கென்னடி அறிவித்தார். 1963 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன் ஆகியவை மாஸ்கோவில் பகுதிச் சோதனைத் தடை உடன்பாட்டில் ஒப்பமிட்டன.

வளிமண்டலம், விண்வெளி, நீரடி ஆகிய மூன்று இடங்களில் வெடிப்பதை இது தடைசெய்தது. நிலத்தடிச் சோதனைகள் தடைசெய்யப்படவில்லை. ஆகஸ்ட் 8 அன்று பிற நாடுகளின் ஒப்பத்துக்குத் திறக்கப்பட்டபோது இந்தியா அன்றே ஒப்பமிட்டது. பிரான்சும் சீனாவும் சேரவில்லை.

ஒரு சந்திப்பு ஓர் உடன்பாட்டைக் கொண்டுவந்தது என்று சொல்வது மிகை. கியூபா நெருக்கடி, அறிவியலாளர்களின் எச்சரிக்கை, பல நாட்டு மக்களின் எதிர்ப்பு எனப் பல காரணங்கள் சேர்ந்தே அதற்கு வழிவகுத்தன. இந்தியா 1954 முதல் இடைவிடாமல் கேட்டுவந்ததும் அவற்றுள் ஒன்று.

பரவல் தடை ஒப்பந்தத்தை மறுத்தது ஏன்?

1964 அக்டோபர் 16 அன்று சீனா லோப் நோரில் தன் முதல் அணுகுண்டை வெடித்தது. போர் நடந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தியாவின் நிலைப்பாட்டில் பாதுகாப்பு அச்சம் கலந்தது இங்கிருந்துதான்.

1965இல் ஐக்கிய நாடுகள் பொது அவையின் 2028ஆம் தீர்மானத்தில், வருங்கால ஒப்பந்தம் அணு ஆயுத நாடுகளுக்கும் பிற நாடுகளுக்கும் இடையே பொறுப்புகளைச் சமமாகப் பங்கிட வேண்டும் என்ற கொள்கை இடம்பெற்றது. இந்தியா இதை முக்கியமாகக் கருதியது. 1967இல் எல். கே. ஜா மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் சென்று, அணு ஆயுதமற்ற நாடுகளுக்குப் பாதுகாப்பு உறுதி கிடைக்குமா என்று கேட்டறிந்தார். நம்பத்தக்க உறுதி கிடைக்கவில்லை.

1968 சூலை 1 அன்று ஒப்பத்துக்குத் திறக்கப்பட்ட அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம், 1967 சனவரி 1க்கு முன் அணுகுண்டு வெடித்த நாடுகளை மட்டும் அணு ஆயுத நாடுகள் என வரையறுத்தது. அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன், பிரான்சு, சீனா ஆகிய ஐந்துமே அவை. மற்றவர்கள் என்றென்றும் அணு ஆயுதத்தைத் துறக்க வேண்டும். ஐவரும் களைவு குறித்து நல்லெண்ணத்துடன் பேச்சு நடத்தினால் போதும், காலக்கெடு இல்லை. இந்திரா காந்தி அரசு இதில் ஒப்பமிட மறுத்தது. இன்றுவரை எந்த இந்திய அரசும் ஒப்பமிடவில்லை. கட்சிகள் மாறியும் மாறாத வெளியுறவு முடிவுகளுள் இது முதன்மையானது.

1974 முதல் 1988 வரை

1974 மே 18 அன்று இராசத்தானின் பொக்ரானில் இந்தியா நிலத்தடியில் ஓர் அணு வெடிப்பை நடத்தியது. அமைதி நோக்கிலான வெடிப்பு என்று அரசு கூறியது. நிலத்தடியில் நடந்ததால் 1963 உடன்பாடு மீறப்படவில்லை. ஆனால் பிற நாடுகள் இதை ஆயுதச் சோதனையாகவே பார்த்தன. அணுப் பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு உருவானதே இதன் விளைவுதான்.

அதன்பின் இருபத்து நான்கு ஆண்டுகள் இந்தியா சோதனை நடத்தவில்லை. களைவு முயற்சிகள் தொடர்ந்தன. அணு ஆயுதங்களைப் பயன்படுத்துவதைத் தடைசெய்யும் உடன்படிக்கை வேண்டும் என்ற தீர்மானத்தை 1982 முதல் பொது அவையில் இந்தியா கொண்டுவந்தது. 1984இல் அர்கெந்தீனா, கிரேக்கம், மெக்சிகோ, சுவீடன், தான்சானியா ஆகியவற்றுடன் சேர்ந்து ஆறு நாடுகள் முயற்சியில் பங்கேற்றது. 1988 சூன் 9 அன்று இராசீவ் காந்தி ஐ.நா. பொது அவையில் ஒரு செயல்திட்டத்தை முன்வைத்தார். 2010ஆம் ஆண்டுக்குள் படிப்படியாக எல்லா அணு ஆயுதங்களையும் அகற்றுவது அதன் நோக்கம். வல்லரசுகள் அதை ஏற்கவில்லை.

முழுமையான சோதனைத் தடை உடன்பாடு, 1996

1954இல் சோதனைத் தடையை முன்மொழிந்த இந்தியா, 1996இல் முழுமையான சோதனைத் தடை உடன்பாட்டை எதிர்த்தது. 1993இல் இதற்கான பேச்சைத் தொடங்கும் தீர்மானத்தை அமெரிக்காவுடன் சேர்ந்து இந்தியாவே வழிமொழிந்திருந்தது. இந்த மாற்றம்தான் மாணவர்களைப் பெரிதும் குழப்புவது. இந்தியா கூறிய காரணங்கள் மூன்று.

1. களைவுக்கு எந்தக் காலக்கெடுவும் உடன்பாட்டில் இல்லை. 1995இல் பரவல் தடை ஒப்பந்தமும் காலவரையின்றி நீட்டிக்கப்பட்டுவிட்டதால், ஐந்து நாடுகளின் உரிமை நிலையானதாகிவிடும்.

2. வெடிப்புகளை மட்டுமே உடன்பாடு தடுக்கிறது. ஏராளமான சோதனைகளை நடத்தி முடித்த நாடுகள், கணினிப் போன்மங்களின் உதவியுடன் ஆயுதங்களை மேம்படுத்திக்கொள்ள முடியும்.

3. பட்டியலிடப்பட்ட 44 நாடுகளும் ஏற்புறுதி அளித்தால்தான் உடன்பாடு நடைமுறைக்கு வரும். அப்பட்டியலில் இந்தியாவைச் சேர்த்தது, அதன் ஒப்புதல் இல்லாமலே அதன்மீது கடமையைச் சுமத்துவதாகும்.

செனீவா ஆயுதக் களைவு மாநாட்டில் இந்தியாவின் தூதர் அருந்ததி கோசு 1996 சூனில் இந்நிலைப்பாட்டை அறிவித்தார். அங்கு ஒருமித்த கருத்து இல்லாமல் எதுவும் நிறைவேறாது. எனவே வரைவு பொது அவைக்கு எடுத்துச்செல்லப்பட்டது. 1996 செப்டம்பர் 10 அன்று 158 நாடுகள் ஆதரித்தன. இந்தியா, பூட்டான், லிபியா ஆகிய மூன்று எதிர்த்தன. ஐந்து நாடுகள் வாக்களிக்கவில்லை. 44 நாடுகளின் ஏற்புறுதி இன்னும் நிறைவடையாததால் உடன்பாடு நடைமுறைக்கு வரவில்லை. அமெரிக்காவும் சீனாவும் ஒப்பமிட்டும் ஏற்புறுதி அளிக்கவில்லை. இந்தியா, பாகிசுத்தான், வட கொரியா ஆகியவை ஒப்பமிடவே இல்லை.

1998 சோதனைகளும் 'முதலில் பயன்படுத்தாமை'யும்

1998 மே 11, 13 ஆகிய நாள்களில் பொக்ரானில் ஐந்து வெடிப்புகள் நடந்தன. அணுசக்தித் துறைக்கு ஆர். சிதம்பரமும் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறைக்கு ஆ. ப. ஜெ. அப்துல் கலாமும் தலைமை வகித்தனர். இருவரும் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். சோதனையை நிறுத்தக் கேட்ட குரலிலும் சோதனையை நடத்திய கையிலும் தமிழர் பங்கு இருந்தது என்பது வரலாற்றின் ஒரு முரண். அதே மாதத்தில் பாகிசுத்தானும் சோதனை நடத்தியது. 1998 சூன் 6 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 1172ஆம் தீர்மானத்தின் மூலம் இரு நாடுகளையும் கண்டித்தது.

இனிச் சோதனை நடத்துவதில்லை என்று இந்தியா தானாக அறிவித்தது. 2003 சனவரி 4 அன்று வெளியிடப்பட்ட அணு ஆயுதக் கோட்பாட்டின் முக்கியக் கூறுகள்:

- எதிரிக்குக் கேடு அஞ்சவைக்கும் அளவுக்கான குறைந்த இருப்பு மட்டும் வைத்திருத்தல்.
- அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்தாமை. தாக்கப்பட்டால் பேரளவில் பதிலடி.
- அணு ஆயுதமற்ற நாடுகள்மீது பயன்படுத்தாமை.
- உயிரியல் அல்லது வேதி ஆயுதங்களால் பெரும் தாக்குதல் நடந்தால், அணு ஆயுதத்தால் பதிலடி தரும் உரிமையை வைத்துக்கொள்ளுதல்.
- முடிவெடுக்கும் அதிகாரம் குடிமை அரசியல் தலைமையிடமே இருத்தல்.

2019 ஆகஸ்டில் பாதுகாப்புத் துறை அமைச்சர் இராச்நாத் சிங், எதிர்காலத்தில் என்ன நடக்கும் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்ற பொருள்படப் பேசினார். அதனால் முதலில் பயன்படுத்தாமை பற்றிய விவாதம் மீண்டும் எழுந்தது. கோட்பாடு அதிகாரமுறையில் மாற்றப்படவில்லை.

ஏற்றுமதிக் கட்டுப்பாடும் ஓசூர் தொழில் வட்டாரமும்

பரவல் தடை ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றாலும், தன்னிடமிருந்து ஆயுதத் தொழில்நுட்பம் பிறருக்குப் போகாது என்று காட்டவேண்டிய தேவை இந்தியாவுக்கு ஏற்பட்டது. 2004இல் பாதுகாப்பு அவையின் 1540ஆம் தீர்மானம் எல்லா நாடுகளும் இதற்குச் சட்டம் இயற்ற வேண்டும் என்றது. 2005இல் இந்திய நாடாளுமன்றம் பேரழிவு ஆயுதங்கள் தொடர்பான சட்டத்தை நிறைவேற்றியது. 2008 செப்டம்பர் 6 அன்று அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு இந்தியாவுக்கு விலக்களித்தது. அதற்கு ஈடாக 14 அணு உலைகளைப் பன்னாட்டுக் கண்காணிப்பின் கீழ் வைக்க இந்தியா ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டில் கூடங்குளத்தின் முதல் இரு உலைகள் கண்காணிப்புக்குள் உள்ளன. கல்பாக்கம் உலைகள் வெளியே உள்ளன. 2016இல் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பு, 2017இல் வாசெனார் ஏற்பாடு, 2018இல் ஆஸ்திரேலியா குழு ஆகியவற்றிலும் இந்தியா உறுப்பினரானது.

இந்த முடிவுகள் தில்லியோடு நிற்பதில்லை. குடிமைப் பயனும் படைப் பயனும் ஒருங்கே உள்ள பொருள்களை இந்தியா 'ஸ்கோமெட்' என்ற பட்டியலில் வைத்துள்ளது. மிகத் துல்லியமான பல்லச்சு சிஎன்சி எந்திரங்கள், உயர்வலிமை உலோகக் கலவைகள், கரிம இழைகள், சிலவகை வால்வுகள், அழுத்தமானிகள் போன்றவை குறிப்பிட்ட தொழில்நுட்ப அளவைக் கடந்தால் இப்பட்டியலில் வரும். அவற்றை ஏற்றுமதி செய்ய வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதி தேவை. வாங்குபவர் யார், பொருளை எதற்குப் பயன்படுத்துவார் என்ற உறுதிமொழியும் தேவை. வரைபடத்தையோ மென்பொருளையோ மின்னஞ்சலில் அனுப்புவதும் ஏற்றுமதியாகக் கருதப்படலாம்.

பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் எல்லையில் அமைந்த ஓசூர், சிப்காட் தொழிற்பேட்டை, வண்டி உற்பத்தி ஆலைகள், அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் ஆகியவற்றால் வளர்ந்த நகரம். 2019இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் பெருவழியின் ஐந்து மையங்களுள் ஓசூரும் ஒன்று. சென்னை, சேலம், கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி ஆகியவை மற்றவை. வண்டிப் பாகம் கடைந்த பட்டறை வானூர்திப் பாகம் கடையத் தொடங்கும்போது, அதன் உரிமையாளர் பன்னாட்டு ஆயுதக் கட்டுப்பாட்டு விதிகளுக்குள் வந்துவிடுகிறார். பட்டியலைத் தெரிந்துகொள்ளாமல் பொருளை அனுப்பினால் உரிமம் இழப்பது முதல் சிறைத்தண்டனை வரை நேரலாம்.

விமர்சனங்கள்

இந்தியாவின் நிலைப்பாடு இரு திசைகளிலிருந்தும் விமர்சிக்கப்படுகிறது. தானே ஆயுதம் வைத்துக்கொண்டு களைவு பேசுவது நம்பகத்தன்மையைக் குறைக்கிறது என்பது அமைதி இயக்கங்களின் வாதம். 2017 சூலை 7 அன்று 122 நாடுகளின் ஆதரவுடன் நிறைவேறிய அணு ஆயுதத் தடை உடன்பாட்டுப் பேச்சுகளில் மற்ற அணு ஆயுத நாடுகளைப் போலவே இந்தியாவும் கலந்துகொள்ளாததை அவர்கள் சுட்டுகின்றனர். அண்டை நாடான இலங்கை 2023இல் அவ்வுடன்பாட்டில் இணைந்தது.

மறுபக்கம், சீனாவும் பாகிசுத்தானும் அணு ஆயுதங்களைப் பெருக்கும்போது, முதலில் பயன்படுத்தாமை போன்ற தன்கட்டுப்பாடுகள் நாட்டுக்குப் பாதகம் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் சிலர் கருதுகின்றனர்.

பாகுபாடற்ற, காலவரையறையுடன் கூடிய, உலகளாவிய களைவு வந்தால் தன் ஆயுதங்களையும் கைவிடத் தயார் என்பதே அரசின் பதில். இதில் நிபந்தனை பிறர்மீது உள்ளது. எல்லோரும் சேர்ந்து செய்தால் நானும் செய்வேன் என்பது இன்றைய நிலைப்பாடு. முதலில் ஒருவர் தாமாக முன்வர வேண்டும் என்பது 1962இல் ராஜாஜி வாஷிங்டனில் கேட்டது. அந்த வேண்டுகோள் அப்போது ஒரு வல்லரசிடம் வைக்கப்பட்டது. இன்று அது இந்தியா உட்பட அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளுக்கும் பொருந்துகிறது.